சீட்டுக் காசை எங்கே எழுதுவது? வீட்டுக் கணக்கு மென்பொருள்கள்: ஓர் ஒப்பீடு

வீட்டுக் கணக்குக்கு எந்த ஆப் நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் வீட்டில் சீட்டு கட்டுகிறீர்களா? கைமாத்து கொடுத்து வாங்குவது உண்டா? நகை ஏதாவது அடகில் இருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் எந்த ஆப்பும் போதும், அழகாக இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்காவது ஆமாம் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெரும்பாலான ஆப்களுக்கு வரவு, செலவு என்ற இரண்டுதான் தெரியும். நம் வீடுகளில் பாதிப் பணம் போய்விட்டுத் திரும்பி வருகிற பணம்.

முதலில் எஸ்எம்எஸ் படிக்கிற ஆப்கள். எதையும் எழுத வேண்டாம், வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் படித்து அதுவே கணக்கு வைத்துக்கொள்ளும் என்பார்கள். 2014-ல் தொடங்கிய வால்நட் இந்த வகையில் பிரபலமானது. 2018-ல் அதைக் கடன் கொடுக்கும் நிறுவனமான கேபிடல் ஃப்ளோட் வாங்கியது, பிற்பாடு பெயரும் ஆக்ஸியோ என்று மாறியது. செலவைப் படிக்கிற ஆப்பை ஒரு கடன் நிறுவனம் ஏன் வாங்குகிறது என்று யோசித்தாலே, இந்த ஆப்கள் எப்படி இலவசமாகக் கிடைக்கின்றன என்பது விளங்கிவிடும். அதற்காக ஒதுக்கச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போடுங்கள்.

என் குறை வேறு. கீரைக்காரம்மாவின் க்யூஆர் அட்டை அவர் மகன் பெயரில் இருக்கிறது. மளிகைக்கடை அண்ணாச்சிக்குப் போகிற பணமும் ஒரு தனிமனிதர் பெயரில்தான் போகிறது. ஆப்புக்கு எது கீரை, எது மளிகை, எது தம்பிக்கு அனுப்பிய பணம் என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் ‘மற்றவை’யில் கொட்டிவிடும். மாதக் கடைசியில் செலவில் பாதி ‘மற்றவை’ என்றால் ஆப் வரைந்து காட்டுகிற வட்டப் படத்தை வைத்து என்ன செய்வது? இதில் யூபிஐ லைட் வேறு. அதில் போகிற சில்லறைச் செலவுகள் வங்கிக் கணக்கில் தனித்தனியாக ஏறுவதே இல்லை, லைட்டில் பணம் ஏற்றியது மட்டும்தான் தெரியும். ஒரு பெரிய தனியார் வங்கி 2024 ஜூன் முதல் 100 ரூபாய் வரையிலான யூபிஐ செலவுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதையே நிறுத்திவிட்டது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம், அதில் எந்த ஆப்பும் குறுஞ்செய்தியைத் தானாகப் படிக்க முடியாது. நான் என் கணவர் கணக்குக்கு 10,000 அனுப்பினால் என் போனில் செலவு, அவர் போனில் வருமானம். வீட்டை விட்டு ஒரு ரூபாய்கூட வெளியே போயிருக்காது.

அடுத்து, கையால் பதிகிற ஆப்கள். ரியல்பைட்டின் மணி மேனேஜர் போன்றவை. எஸ்எம்எஸ் ஆப்களை விட இவற்றை நான் நம்புவேன், ஏனென்றால் எழுதும்போதே செலவு மனதில் பதிகிறது. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றம் என்று தனியாகப் பதியும் வசதியும் உண்டு, ஆகவே ‘சீட்டு’ என்று ஒரு கணக்கைத் தொடங்கி ஓரளவு சமாளித்துவிடலாம். சிக்கல் என்னவென்றால் கணக்கு ஒரே போனில் உட்கார்ந்திருக்கும். காய் வாங்கியவர் ஒருவர், எழுதுகிறவர் இன்னொருவர். ‘நேத்து மார்க்கெட்ல எவ்வளவு கொடுத்தீங்க?’ என்று மூன்று நாள் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள், நான்காம் நாள் வீட்டில் யாரும் கணக்கைப் பற்றிப் பேச மாட்டார்கள். இந்த வகையில் வேறொரு ஆப்பில் மூன்று வருடம் எழுதி வைத்திருந்தேன். போன் தண்ணீரில் விழுந்தது, பேக்கப் எடுத்திருக்கவில்லை, போச்சு. தப்பு என்னுடையதுதான். மாதம் ஒருமுறை எக்செல் கோப்பாக எடுத்து மின்னஞ்சலில் போட்டு வைத்திருந்தால் தப்பித்திருக்கும்.

அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் காசைப் பிரித்து வைத்த பாட்டிகளின் வழியில் வருகிறவை ஒய்நாப் (YNAB), குட்பட்ஜெட் என்ற இரண்டு ஆப்கள். செலவு செய்த பிறகு எழுதுவதல்ல இங்கே வேலை. கையில் இருக்கிற பணத்துக்கு முன்கூட்டியே வேலை கொடுத்துவிட வேண்டும்: இது மளிகைக்கு, இது பள்ளிக் கட்டணத்துக்கு, இது தீபாவளிக்கு. வரப்போகிற பணத்தை இதில் சேர்க்கக் கூடாது. அதனால் மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு, கடை வைத்திருப்பவர்களுக்கு, இந்த முறை நன்றாகப் பொருந்தும் என்பேன். ஆனால் ஒய்நாப்புக்கு ஆண்டுக்கு 109 டாலர், நம் காசுக்கு ஒன்பதாயிரத்தைத் தாண்டுகிறது. அமெரிக்காவில் வங்கிக் கணக்கை நேரடியாக இணைத்துக்கொள்கிறார்கள், நம் வங்கிகளுக்கு அந்த வசதி கிடையாது. முழு விலை கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் கையால் தட்டிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. குட்பட்ஜெட்டின் இலவசப் பதிப்பை இரண்டு போன்களில் வைத்துக்கொள்ளலாம். புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களுக்கு அதைத் தாராளமாகச் சொல்வேன்.

கூகுள் ஷீட்டைப் பலரும் ஏளனமாகப் பார்க்கிறார்கள், எனக்குப் புரியவில்லை. ஒரு கூகுள் ஃபார்மில் தேதி, தொகை, எதற்கு, யார் கொடுத்தது என்று நான்கு கேள்விகள் போதும். அதன் இணைப்பை எல்லார் போனிலும் முகப்புத் திரையில் வைத்துவிட்டால் காய் வாங்குகிறவரே கடைவாசலில் நின்று தட்டிவிடுவார். எல்லாம் ஒரே ஷீட்டில் வந்து விழும். கேள்விகளைத் தமிழிலேயே வைக்கலாம். எங்கள் வீட்டில் அத்தையும் பயன்படுத்துகிற ஒரே கணினிச் சமாசாரம் இதுதான். குறையும் உண்டு. சூத்திரம் ஒன்று உடைந்தால் சத்தமே இல்லாமல் உடையும். இரண்டு மாதம் மருந்துச் செலவு கூட்டுத்தொகையில் சேராமலேயே இருந்தது, யாருக்கும் தெரியவில்லை.

மொய்க்கும் ஷீட்தான் சரி. ஊர், பெயர், அவர்கள் செய்தது, நாம் திருப்பிச் செய்தது என்று நான்கு கட்டம் இருந்தால் தேடி எடுத்துவிடலாம். மதுரைப் பக்கம் மண்டபத்திலேயே கணினி வைத்து மொய் எழுதி, ரசீது அடித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பட்டியலைக் கோப்பாகவும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இனி குனூகேஷ் (GnuCash) என்ற கணினி மென்பொருள். நான் அதிகம் திட்டியதும் விடாமல் வைத்திருப்பதும் இதைத்தான். இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. இரட்டைப் பதிவு முறை, அதாவது ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து கிளம்பியது, எங்கே போய்ச் சேர்ந்தது என்ற இரண்டையும் எழுதியாக வேண்டும். கடைக் கணக்கு மென்பொருளான டாலி பழகியவர்கள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு ஒரு மாதம் ஆனது.

அந்த ஒரு மாதம் எதற்கு என்பதைச் சீட்டை வைத்துச் சொல்கிறேன். 20 பேர், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. கழிவு, அதாவது ஏலத்தில் எடுத்தவர் விட்டுக்கொடுத்ததில் எங்கள் பங்கு, போக ஏழு மாதத்தில் 31,000 கட்டியிருந்தோம். எட்டாம் மாதம் நாங்களே ஏலத்தில் ஒரு தொகையைத் தள்ளிவிட்டு எடுத்ததில் கைக்கு வந்தது 82,000. சாதாரண ஆப்பில் எழுதியிருந்தால் ஏழு மாதம் செலவு அதிகம் என்று பயமுறுத்தியிருக்கும், எட்டாம் மாதம் திடீரென்று நாங்கள் பணக்காரர்கள். குனூகேஷில் சீட்டு என்பது ஒரு சொத்துக் கணக்கு. கட்டக் கட்ட ஏறி 31,000-ல் நின்றது. எடுத்த அன்று மைனஸ் 51,000 ஆனது. அதாவது கையில் வந்த காசில் 51,000 நம்முடையது இல்லை. மீதித் தவணைகளுக்கு மொத்தம் 60,000 கட்டினோம். முடிவில் அந்தக் கணக்கு பூஜ்யத்துக்கு வரவில்லை, 9,000 என்று காட்டியது. முன்கூட்டியே எடுத்ததற்கு நாங்கள் கொடுத்த விலை அது. அதை ‘வட்டி’ என்ற செலவுக் கணக்குக்கு மாற்றினேன். அடகும் கைமாத்தும் இதே வழியில் உட்கார்ந்துவிடும்.

சரி, தொல்லைகள்? குனூகேஷ் குழுவினரே செய்து தருகிற போன் ஆப் கிடையாது. கணினி முன் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். வங்கி அறிக்கையை உள்ளே ஏற்றலாம், ஆனால் பிடிஎஃப் உதவாது. வங்கித் தளத்தில் எக்செல் அல்லது சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியல்) வடிவில் இறக்கி, மேலே இருக்கும் முகவரி வரிகளை அழித்துவிட்டு, சிஎஸ்வி-யாகச் சேமித்து ஏற்ற வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் ஹோம்பேங்க் போட்டுப் பாருங்கள், அதுவும் இலவசம், இதைவிட எளிது.

எதை எடுத்தாலும் முதல் நாளே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கணக்கை வெளியே எடுக்க வழி இருக்கிறதா? மைக்ரோசாஃப்ட் மணி என்ற கணக்கு மென்பொருள் கடையைக் கட்டியது 2009-ல். அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் வைத்திருந்த மின்ட் என்ற கணக்கு ஆப்பை, 2009-ல் 17 கோடி டாலருக்கு வாங்கிய இன்ட்யூட் நிறுவனமே 2024-ல் மூடியது. அவ்வளவு பெரியவை போகும்போது நேற்று வந்த ஆப் எம்மாத்திரம்? பத்து செலவை எழுதி, சிஎஸ்வி-யாக எடுத்து, எக்செல்லில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அந்த ஆப்பை அன்றே அழித்துவிடலாம்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு அடுக்கு. தினச் செலவு ஃபார்ம் வழியாக ஷீட்டில் விழுகிறது. மாதக் கடைசி ஞாயிறு, கூட்டுத்தொகைகளை மட்டும் குனூகேஷில் ஏற்றுகிறேன், அதோடு சீட்டு, கடன், நகை. ஒரு மணி நேர வேலை. பூக்காரம்மாவுக்கும் பால்காரருக்கும் கொடுக்கிற சில்லறையை அத்தை இன்னும் காலண்டர் தாளில்தான் குறிக்கிறார், அதைப் பார்த்து நான் தட்டுகிறேன்.

போன மாதம் புதுச் சீட்டுக்கு ஆள் சேர்க்க வந்தார்கள். என் கணவர் மடிக்கணினியைத் திறந்து அந்த 9,000-ஐ அத்தையிடம் காட்டினார். அதே பணத்துக்கு வங்கியில் நகையை வைத்திருந்தால் வட்டி இதைவிடக் குறைவாகத்தான் வந்திருக்கும் என்றும் கணக்குப் போட்டுச் சொன்னார். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘சேருவோம், ஆனா இந்தத் தடவை கடைசி வரைக்கும் எடுக்க வேண்டாம்’ என்றார்.