பழைய மாருதிக்கு ஃப்யூயல் பம்ப்: ஜி.பி. ரோட்டில் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

பழைய ஜென்னுக்கோ எஸ்டீமுக்கோ வேகன்-ஆருக்கோ டேங்குக்குள் இருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும் ஃப்யூயல் பம்ப் வேண்டும் என்று சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் கேட்டால், மூன்று விலையில் மூன்று சரக்கைக் காட்டுவார்கள். மேல்மூடி, மிதவை, பெட்ரோல் உறிஞ்சும் வாயில் மாட்டும் வலையான ஸ்ட்ரெய்னர் எல்லாம் சேர்ந்த கம்பெனி அசெம்ப்ளி ஒன்று. பாஷ் போலப் பெயருள்ள நிறுவனத்தின் வெறும் மோட்டார் இன்னொன்று. மூன்றாவது, பேர் ஊர் தெரியாத வெள்ளை அட்டைப்பெட்டி. இது போதாது என்று, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையில் கழற்றிய பம்பும் கிடைக்கும்.

மூடியும் மிதவையும் நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு இரண்டாவதே போதும். அசெம்ப்ளி விலையில் ஒரு பங்குதான் ஆகும். ஆனால் மோட்டாரை மட்டும் வாங்கி வந்தால் வேலை முடியாது. கூடவே வாங்க வேண்டியதை விட்டதால்தான் பாதி வண்டிகள் அதே டேங்கை இறக்க மறுபடியும் ஷெட்டுக்கு வருகின்றன.

அதற்கும் முன்னால், பம்ப் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை என்றதுமே ‘பம்ப் அவுட்’ என்று தீர்ப்பு எழுதுவது சென்னையில் சகஜம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, பின் சீட்டருகே காதை வையுங்கள். 2 அல்லது 3 விநாடி மெல்லிய ‘உய்ங்’ சத்தம் கேட்டு நிற்க வேண்டும். சத்தமே வரவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே (பம்புக்குக் கரன்ட் விடும் சுவிட்ச்), எர்த் (வண்டி பாடியோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) என்ற வரிசையில் பாருங்கள். ரிலேவைச் சோதிக்கப் புதிது வாங்க வேண்டியதில்லை. பக்கத்தில் அதே எண் அச்சிட்ட வேறொரு ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டாலே தெரிந்துவிடும். சாவி போட்டதும் பம்ப் ஓடுகிறது, செல்ஃப் அடிக்கும்போது ஓடவில்லை, ஸ்பார்க்கும் இல்லை என்றால் பம்பைத் தொடவே வேண்டாம். எஞ்சின் சுற்றுகிற தகவல் சென்சாரிலிருந்து எஞ்சினின் கம்ப்யூட்டரான இசியுவுக்குப் போகவில்லை, அதனால் அது பம்புக்குக் கரன்ட் விடவில்லை.

கரன்ட் வருகிறதா என்பதை டெஸ்ட் லாம்பு எரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கனெக்டரில் மல்டிமீட்டர் வைக்க வேண்டும். பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்து, பம்ப் முனையில் 11-க்குக் கீழே காட்டினால் வயரிங்தான் குற்றவாளி. பெரும்பாலும் துருப்பிடித்த எர்த் போல்ட்டாக இருக்கும். பம்பின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா? அந்த போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துப் போட்டால் செத்ததாகச் சொன்ன பம்ப் எழுந்து உட்காரும். பெசன்ட் நகர், திருவொற்றியூர் போன்ற கடலோரத்து வண்டிகளில் முதலில் இதைப் பார்ப்பது நல்லது.

பம்ப் ஓடியும் வண்டி இழுக்கவில்லை, மேம்பாலம் ஏறும்போது திணறுகிறது என்றால் பிரஷர் கேஜ் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது. சதுர சென்டிமீட்டருக்கு 0 முதல் 7 கிலோ வரை காட்டும் கேஜும் மூன்று வாயுள்ள ஒரு டீ இணைப்பும் போதும். கேஜ் மாட்டும் முன் லைனில் உள்ள அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓட விட்டால் தானாக அணையும். அதன் பிறகு இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஹோஸில் கை வையுங்கள். டீயை ஃபில்டருக்கும், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துக் கொடுக்கும் குழாயான ரெயிலுக்கும் நடுவில் மாட்டி, பேட்டரியையும் ரிலேயையும் திரும்பப் போட்டு அளக்கலாம்.

எஸ்டீம் காலத்து சுசுகி எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டரில் பெட்ரோல் பீய்ச்சும்) எஞ்சின்களில், எஞ்சின் நின்று பம்ப் மட்டும் ஓடும்போது சதுர சென்டிமீட்டருக்கு 2.7 முதல் 3.1 கிலோ காட்ட வேண்டும். ஐடிலில் 2.1 முதல் 2.6 வரை. அணைத்து ஒரு நிமிடம் கழித்தும் 2-க்குக் குறையக் கூடாது. அழுத்தம் குறைவாக இருந்தால், மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை ஒரு நொடி மட்டும் நசுக்கிப் பாருங்கள். முள் சட்டென்று மேலே ஏறினால் பம்ப் நன்றாக இருக்கிறது, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்தான் போயிருக்கிறது. அதன் வேக்கம் குழாயைப் பிடுங்கி முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். முள் அசையாவிட்டால் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டேங்குக்குள்ளே இருக்கும் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம், பம்பே தேய்ந்திருக்கலாம். ஃபில்டரை மாற்றிவிட்டு மறுபடி அளப்பதுதான் செலவு குறைந்த வழி.

டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் ஒரு படி தெளிவாகும். வீட்டு வயரிங்குக்கு வாங்கிய ஏசி கிளாம்ப் இதற்கு உதவாது. இந்தச் சின்ன வண்டிகளின் பம்ப் சுமார் 3 முதல் 6 ஆம்பியர் இழுக்கும். அதற்கு மேல் போனால் வெளியே அடைப்பு அல்லது உள்ளே மோட்டார் இறுகுகிறது. அழுத்தமும் இல்லாமல் ஆம்பியரும் குறைவாக இருந்தால், பம்ப் சும்மா சுற்றுகிறது, பெட்ரோலைப் பிடிக்கவில்லை.

இவ்வளவும் பார்த்து பம்ப்தான் என்று தெரிந்த பிறகு கடைக்குப் போகலாம். கவுன்ட்டரில் புது மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஒரு பேட்டரியில் தொட்டு, ‘ஓடுது பாருங்க சார்’ என்று காட்டுவார்கள். அதில் தெரிவது மோட்டார் சுற்றுகிறது என்பது மட்டும்தான், அழுத்தம் கொடுக்குமா என்பது தெரியாது. பெட்ரோல்தான் அந்த மோட்டாருக்கு எண்ணெயும் குளிர்ச்சியும். உலர்ந்த நிலையில் ஓட்ட ஓட்டத் தேயும். அதனால் ‘வேண்டாண்ணே, பெட்டியிலேயே இருக்கட்டும்’ என்று தடுத்துவிடுங்கள். ‘எலக்ட்ரிகல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது’ என்ற போர்டு அங்கேயே தொங்கும், ஆகவே அளவைக் கடையிலேயே சரிபார்க்க வேண்டும். பழைய மோட்டாரையும் ஒரு வெர்னியர் காலிப்பரையும் கொண்டுபோங்கள். விட்டம் பெரும்பாலும் 38 மில்லிமீட்டர்தான் இருக்கும். தகராறு வருவது மூன்று இடங்களில்: உயரம், கீழே பெட்ரோல் உறிஞ்சும் வாய் நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா, மேலே கனெக்டரின் வடிவம். வாய் இடம் மாறினால் பழைய வடிவ ஸ்ட்ரெய்னர் பொருந்தாது.

மூன்றாவது வகையான வெள்ளைப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்ட் நம்பர் இல்லை, எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்ற குறிப்பு இல்லை, பில்லும் இல்லை. பங்க்கில் இப்போது ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் இந்தக் குறிப்பு முக்கியம்.

புதுப்பேட்டை வேறு கதை. அங்கே மோட்டார் வாங்காதீர்கள். எத்தனை ஓடியது, எத்தனை மாதம் காய்ந்து கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் உடைந்த மேல்மூடி, கருகிய கனெக்டர், மிதவை, டேங்க் லாக் ரிங் இதெல்லாம் அங்கே கிடைக்கிற மாதிரி வேறெங்கும் கிடைக்காது. கடைகளில் தனியாக விற்காத பிளாஸ்டிக் மூடி ஒன்று கிடைத்தால், முழு அசெம்ப்ளி செலவே மிச்சம். மூடியில் குழாய் முனை வெளியேறும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

மோட்டாரோடு சேர்த்து வாங்க வேண்டியவை: புது ஸ்ட்ரெய்னர், மூடிக்கான ஓ-ரிங் அல்லது கேஸ்கெட், லைன் ஃபில்டர், டேங்குக்குள் போகும் சின்ன ஹோஸ், அதற்கு இரண்டு கிளிப். இதில் ஹோஸ்தான் எமன். மோட்டாரையும் மூடியையும் இணைக்கும் அந்த விரல் நீளத் துண்டுக்கு, கையில் கிடைத்த சாதாரண பெட்ரோல் ஹோஸை வெட்டி மாட்டிவிடுகிறார்கள். சாதாரண ஹோஸின் உட்புறம்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளிப்புறம் தாங்காது. டேங்குக்குள் இரண்டு பக்கமும் பெட்ரோல் இருப்பதால் சில மாதங்களில் அது ஊறிப் பிசுபிசுக்கும், பிறகு வெடிக்கும். பம்ப் ஜோராக ஓடும், ஆனால் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே பீய்ச்சும், ரெயிலில் அழுத்தம் வராது. பழி புது மோட்டார் மேல் விழும். ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்10 என்று அச்சிட்டிருக்க வேண்டும். அதுதான் பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்கென்று செய்த ரகம். சாதாரண ஹோஸைவிடப் பல மடங்கு விலை என்றாலும் தேவைப்படுவது ஒரு சாண்கூட இல்லை.

மாட்டும்போது டேங்கில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் இருக்கக் கூடாது. திறந்த இடம், உலர்பொடி தீயணைப்பான், பேட்டரி கழற்றியிருக்க வேண்டும். தொங்கும் பல்பு வேண்டவே வேண்டாம். சான்ட்ரோவில் பின் சீட்டைத் தூக்கினால் மூடி தெரியும். பல மாருதிகளில் டேங்கையே இறக்க வேண்டும், அதனால் கூலியும் கூடும். மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் உள்ள மண்ணைத் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் அது நேராகப் புது ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும். லாக் ரிங் இறுகியிருந்தால் இரும்பு உளியால் தட்டாதீர்கள், பித்தளைத் துண்டு வைத்துத் தட்டுங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் மோட்டார் சுற்றும், அழுத்தம் மட்டும் வராது. வயர் இணைப்பை கிரிம்ப் செய்யுங்கள், கறுப்பு இன்சுலேஷன் டேப் பெட்ரோலில் கரைந்துவிடும். சிலிக்கான் பசையும் அப்படித்தான், ஓ-ரிங்குக்கு அது மாற்று ஆகாது. எல்லாம் முடிந்ததும் செல்ஃப் அடிக்கும் முன் சாவியை நான்கைந்து முறை ஆன் செய்து ஆஃப் செய்து லைனை நிரப்புங்கள், கசிவு பாருங்கள்.

டேங்க் இறங்கியிருக்கும்போதே அடியில் உள்ளதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து கால் மணி நேரம் வையுங்கள். 2015 டிசம்பரிலோ 2023 மிக்ஜாம் புயலிலோ நீரில் நின்ற வண்டி என்றால் கீழே தண்ணீர் தனி அடுக்காக நிற்கலாம், துருத்தூளும் படியலாம். அப்படி இருந்தால் டேங்கைக் கழுவாமல் எந்த விலை மோட்டார் போட்டும் பிரயோஜனமில்லை.

எல்பிஜி கிட் மாட்டிய வண்டிகளில் பம்ப் சீக்கிரம் போவதற்குக் காரணம் வேறு. கேஸில் ஓடும்போதும் பல கிட்களில் பெட்ரோல் பம்ப் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், ஓனரோ டேங்கில் இரண்டு லிட்டர்கூட வைத்திருக்க மாட்டார். கேஸுக்கு மாறியதும் பம்ப் நிற்கும்படி ஒரு ரிலே போடச் சொல்லுங்கள், அதுவரை கால் டேங்க் பெட்ரோலைக் குறைய விடாதீர்கள்.