ஃபால்அவுட் நியூ வேகாஸ்: கேப்ஸ் பத்தாதப்போ மூட்டையில எதை வெச்சுக்கணும்

ஃபால்அவுட் நியூ வேகாஸ் 2010 அக்டோபர்ல வந்த கேம், அப்சிடியன் பண்ணது, பெதஸ்டா வெளியிட்டது. அணுப்போர்ல அழிஞ்ச உலகத்துல நடக்குற கதை. எத்தனை புது ஆர்பிஜி (நாமளே ஒரு பாத்திரமா ஆடுற கேம்) வந்தாலும் என் சிஸ்டத்துல இருந்து நான் தூக்காத கேம் இது. கதையப் பத்தி, என்சிஆர், லீஜியன்ங்கிற ரெண்டு படைங்களோட சண்டையப் பத்தி எல்லாம் நிறைய பேர் பேசிட்டாங்க, நான் காசு விஷயத்தை மட்டும் சொல்றேன், ஏன்னா புதுசா ஆடுறவங்க பாதியில விட்டுட்டுப் போறதுக்கு முக்கியமான காரணமே கையில காசு இல்ல, பையில இடம் இல்லங்கிறதுதான். வருஷக்கணக்கா ஆடினதுல எனக்குப் பட்டது என்னன்னா கேப்ஸ் (இந்த கேம்ல காசா ஓடுற பாட்டில் மூடி) தட்டுப்பாடு ஆரம்பத்துல கொஞ்ச நேரம்தான், தூக்குற வெயிட்டோட தட்டுப்பாடு கடைசி வரைக்கும் விடாது. இத மனசுல வெச்சு லூட் பண்ண (கண்ட பொருளை எடுத்துச் சேர்க்க) ஆரம்பிச்சா கேம் ரொம்ப லேசாயிடும்.

கணக்கு சிம்பிள். நாம தூக்குற வெயிட் 150 பவுண்டு அடிப்படை, அதோட ஸ்ட்ரெங்த் (நம்ம ஆளோட உடல் பலம்) ஒவ்வொரு புள்ளிக்கும் 10 பவுண்டு, அதாவது ஸ்ட்ரெங்த் 5 இருந்தா 200. அதைத் தாண்டினா ஓட முடியாது, ஃபாஸ்ட் டிராவல் (மேப்ல தேர்ந்து நேரா ஒரு இடத்துக்குப் போறது) கிடையாது, மொஹாவே பாலைவனத்துல ஊர்ந்துதான் போகணும். அதனால ஒரு பொருளைப் பாத்ததும் அதோட விலையை மட்டும் பாக்காதீங்க, ஒரு பவுண்டுக்கு எத்தனை கேப்ஸ் தேறும்னு பாருங்க. போருக்கு முந்தின காலத்து நோட்டுக்கட்டு வெயிட்டே கிடையாது, விலை 10, கண்ணுல பட்டா எடுத்துருங்க. சிகரெட் கார்ட்டன், மருந்து, போதைப்பொருள் இதெல்லாம் லேசு, நல்ல விலை. ஆனா எடை கூடின துப்பாக்கிய அஞ்சாறு சுமந்துகிட்டு கடை தேடி அலையுறது வீண் வேலை.

கேம் ஆரம்பம் குட்ஸ்பிரிங்ஸ்ங்கிற ஊர்ல. சன்னி ஸ்மைல்ஸ்ங்கிற பொண்ணு பயிற்சி குடுக்குறப்போ ஹீலிங் பவுடர் (காயத்துக்குப் போடுற மருந்து) பண்ணச் சொல்லிக் குடுப்பா பாருங்க, நிறைய பேர் அவசரத்துல அதைத் தாண்டிப் போயிடுறாங்க, தயவுசெஞ்சு போகாதீங்க. சுடுகாட்டுப் பக்கம் பிராக் பூ, ஸ்கூல்ஹவுஸ் பக்கம் ஸாண்டர் வேர், ரெண்டையும் பறிச்சு கேம்ப்ஃபயர்ல போட்டா பவுடர் ரெடி. பார்வை கொஞ்சம் மங்கும், ஹெல்த் மெதுவா ஏறும், ஆனா ஒரு கேப்ஸ் செலவில்ல. சண்டை முடிஞ்சப்புறம் காயத்துக்கு இதைப் போட்டுட்டு ஸ்டிம்பேக்க (வேகமா குணமாக்குற ஊசி) சண்டைக்கு நடுவுல மட்டும் வெச்சுக்கிட்டா முதல் சில லெவல்ல மருந்துச் செலவே இருக்காது, மிஞ்சுற ஸ்டிம்பேக்க வித்துக்கூட சமாளிக்கலாம். ஹார்ட்கோர் மோட்ல (பசி, தாகம் எல்லாம் கணக்குல வர்ற கஷ்டமான மோட்) ஆடுறவங்களுக்கு இன்னொண்ணு, குட்ஸ்பிரிங்ஸ் சோர்ஸ்ல இருக்குற தண்ணி கதிர்வீச்சு இல்லாதது, வயிறு முட்ட அங்கேயே குடிச்சுட்டுக் கிளம்புங்க.

இப்போ ரிப்பேர். என்னைக் கேட்டா இந்த கேம்ல காசு சம்பாதிக்கிற ஸ்கில் பார்ட்டர் (பேரம் பேசுறது) இல்ல, ரிப்பேர்தான். ஒரு உதாரணம் சொல்றேன். என்சிஆர் ஆளுங்க வெச்சிருக்குற சர்வீஸ் ரைஃபிள் ஒண்ணு எட்டரை பவுண்டு. எங்கயோ சண்டை நடந்த இடத்துல நாலு கிடைக்குதுன்னு வைங்க, மொத்தம் 34 பவுண்டு, எல்லாமே பாதி தேஞ்சது. பிப்பாய (நம்ம ஆள் கையில கட்டியிருக்குற மெனு மெஷின்) தொறந்து நல்லா இருக்குற ஒண்ண வெச்சு ரிப்பேர் அழுத்தினா மத்த மூணும் லிஸ்ட்ல வரும், ஒண்ணொண்ணா உள்ள போடப்போட கண்டிஷன் கோடு நீளும், விலையும் கூட ஏறும், கடைசியில கையில ஒரே ஒரு துப்பாக்கி, எட்டரை பவுண்டு. நாலையும் தனித்தனியா வித்தா வர்ற மொத்தத் தொகையை விட இது குறைவா வரலாம், அது உண்மைதான், ஆனா மிச்சமான இருபத்தஞ்சரை பவுண்டுல வேற எவ்வளவோ எடுத்துட்டு வரலாமே, அதுதான் லாபம். லெவல் 14ல ரிப்பேர் 90 இருந்தா ஜூரி ரிக்கிங்னு ஒரு பர்க் (லெவல் ஏறும்போது எடுக்குற சிறப்புத் திறமை) கிடைக்கும், ஒரே வகையில சேர்ந்த எந்த ஆயுதத்தையும் வெச்சு இன்னொண்ண சரி பண்ணலாம், சாதாரண ஹன்டிங் ரைஃபிளப் போட்டு ஆன்டி மெட்டீரியல் ரைஃபிள சரி பண்ற அளவுக்கு. அதுக்கப்புறம் ரிப்பேருக்குக் காசு குடுக்குற பேச்சே இல்ல. அது வர்ற வரைக்கும் டக்ட் டேப், வொண்டர்குளூ, ஸ்க்ராப் மெட்டல், ஸ்க்ராப் எலக்ட்ரானிக்ஸ், ரென்ச் இதுங்கள மட்டும் குப்பைன்னு விட்டுடாதீங்க, வெப்பன் ரிப்பேர் கிட் இதுலதான் ஆகுது.

அடுத்த தலைவலி கடைக்காரங்க. நம்மகிட்ட நல்ல சரக்கு இருக்கும், குட்ஸ்பிரிங்ஸ் கடைக்காரர் செட் கிட்டயோ ப்ரிம் ஊர்ல ஜான்சன் நாஷ் கிட்டயோ அதை வாங்க கேப்ஸ் இருக்காது. மூணு நாள் கழிச்சு வந்தா ஸ்டாக்கும் காசும் புதுசா வந்திருக்கும்தான், அதுக்காக பெஞ்சுல உக்காந்து வெயிட் பட்டனை அழுத்துறது எனக்குப் பிடிக்கல. நான் பண்றது பண்டமாற்று. துப்பாக்கியக் குடுத்துட்டு அவர்கிட்ட இருக்குற கேப்ஸ முழுசா எடுத்துக்கிட்டு மீதிக்கு புல்லட், டாக்டர் பேக், ஸ்டிம்பேக்னு வாங்கிடுவேன். இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், நாம வாங்குற விலை எப்பவும் நாம விக்கிற விலையை விடக் கூடத்தான், அதனால வாங்கினதை இன்னொரு கடையில விக்கலாம்னு கணக்குப் போடாதீங்க, நாமளே செலவு பண்ணப்போற பொருளா மட்டும் எடுங்க. சாதா மோட்ல புல்லட்டுக்கு வெயிட் கிடையாது, அதனால அதை சில்லறை மாதிரி எவ்வளவு வேணா சேர்த்து வெச்சுக்கலாம், ஹார்ட்கோர்ல வெயிட் உண்டு, அங்க உபயோகப்படாத ரகத்தை ரீலோடிங் பெஞ்சுல உடைச்சு பொடியும் ஈயமும் எடுத்து நமக்கு வேணுங்கிறத செஞ்சுக்கலாம்.

பார்ட்டர் ஸ்கில்ல விலைக்காக மட்டும் பாயிண்ட் கொட்டுறது வேஸ்ட், ஆனா 70 வரைக்கும் கொண்டு போறதுக்கு ஒரு நல்ல காரணம் இருக்கு, பேக் ராட் பர்க். ரெண்டு பவுண்டும் அதுக்குக் கீழயும் இருக்குற பொருளெல்லாம் பாதி வெயிட்தான்னு ஆயிடும், ஹார்ட்கோர்ல இதுக்கு இணை எதுவுமில்ல. அதோட பேசி முடிக்கிற இடத்துல கூலிய ஏத்திக் கேக்கவும் பார்ட்டர் உதவும்.

நோட்டு நாணயம் விஷயத்துல இந்த கேம் எழுதினவங்கள எவ்வளவு பாராட்டினாலும் தகும். என்சிஆர் டாலர் 100ன்னு போட்டிருக்கும், கேப்ஸ்ல 40தான் தேறும். காரணம் கதையிலயே இருக்கு, பிரதர்ஹுட்ங்கிற இன்னொரு படையோட ஆளுங்க என்சிஆரோட தங்க இருப்பை அழிச்சுட்டாங்க, நோட்டுக்குப் பின்னாடி ஒண்ணுமில்லாமப் போச்சு, வியாபாரிங்க மறுபடி மூடிக்கே திரும்பிட்டாங்க. லீஜியன் டெனேரியஸ் வெள்ளி, அது 4 கேப்ஸ், தங்க ஆரியஸ் 100 கேப்ஸ். யாருக்கும் பிடிக்காத லீஜியனோட காசுக்கு மொஹாவே முழுக்க மதிப்பு இருக்குன்னா அதுல இருக்குற உலோகம்தான் காரணம். இதெல்லாம் யாரும் கூப்பிட்டு வெச்சு பாடம் நடத்தல, நம்ம பையைப் பாத்தே நமக்குப் புரிஞ்சிடும். ரெண்டு வகைக் காசையும் கேசினோ கவுன்ட்டர்ல சிப்ஸா மாத்திக்கலாம்.

பெரிய கேசினோங்க இருக்குற ஸ்ட்ரிப் தெருவுக்குள்ள போக கையில 2,000 கேப்ஸ் இருக்கான்னு ரோபோ செக் பண்ணும், நிறைய பேர் அது கட்டணம்னு நினைச்சு பயப்படுறாங்க, அது காசை எடுத்துக்காது, இருக்கான்னு பாத்துட்டு விட்டுடும். அந்த 2,000 சேர ஸ்ட்ரிப் வாசல்ல இருக்குற ஃப்ரீசைடுக்குப் போறதுக்கு முன்னாடியே நோவாக், 188 டிரேடிங் போஸ்ட், கேம்ப் மெக்காரன்னு வேலை செஞ்சுட்டு வாங்க. மெக்காரன்ல மேஜர் தாத்ரி ஃபீண்ட் கொள்ளைக் கும்பலோட தலைவனுங்க தலைக்குப் பரிசு குடுப்பாரு, தலை சிதையாம இருந்தாத்தான் முழுத் தொகை, அதனால அங்க மட்டும் தலையக் குறி வைக்காம உடம்புல சுடுங்க.

சூதாட்டம் பத்தி எனக்கு ஒரு வலுவான கருத்து உண்டு. லக் (அதிர்ஷ்டப் புள்ளி) 8, 9னு வெச்சுக்கிட்டு பிளாக்ஜாக் உக்காந்தா காசு கொட்டும், ப்ரிம்ல விக்கி அண்ட் வான்ஸ் கேசினோ 2,500 ஜெயிச்சதும் மேல ஆட விடாம நிறுத்தும், அட்டாமிக் ராங்ளர் 5,000, கொமோரா 9,000, டாப்ஸ் 10,000, அல்ட்ரா லக்ஸ் 15,000. எல்லாத்தையும் ஒரே நாள்ல காலி பண்ணிட்டா அதோட பஞ்சம் முடிஞ்சுது, கூடவே இந்த கேமோட உயிரும் பாதி போயிடுது. முதல் தடவை ஆடுறவங்க லக்க 5க்கு மேல ஏத்தாதீங்கன்னு நான் சொல்றது அதுக்காகத்தான். காசில்லாம ஒரு ஸ்டிம்பேக் வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிற அந்த நேரம் இருக்கே, மொஹாவே ஒரு செத்த உலகம்னு அப்பத்தான் உண்மையா உறைக்கும்.

காசு சேந்ததும் முதல்ல எங்க போடணும்னா கிளினிக்ல டாக்டர் உசனகி கிட்ட. ஒவ்வொரு ஸ்பெஷல் இம்ப்ளான்ட்டும் (ஸ்ட்ரெங்த், லக் மாதிரி ஒரு குணத்தை ஏத்த உடம்புல வெக்கிற கருவி) 4,000 கேப்ஸ், எண்டூரன்ஸ் (தாங்கும் சக்தி) புள்ளி எவ்வளவோ அத்தனைதான் வெக்க முடியும். இன்டலிஜென்ஸ் இம்ப்ளான்ட்ட சீக்கிரமா வெச்சீங்கன்னா அதுக்கப்புறம் வர்ற லெவல்கள்ல மொத்தத்துல ஸ்கில் பாயிண்ட் கூடக் கிடைக்கும், புதுத் துப்பாக்கிய அப்புறம் பாத்துக்கலாம்.

டெட் மணிங்கிற டிஎல்சியில (தனியா வந்த கூடுதல் கதை) கடைசியா 37 தங்கக்கட்டி இருக்கும், ஒண்ணு 35 பவுண்டு, விலை 10,539. மொத்தம் 1,295 பவுண்டு, ஸ்ட்ரெங்த் 10 இருக்குறவங்களுக்கே 250தான் தாங்கும். தூக்கிட்டு வெளிய வர்ற வழிய கண்டுபிடிச்சவங்க இருக்காங்க, சரி, வந்தப்புறம் யார்கிட்ட விக்கிறது? ஒரு கட்டிய முழு விலைக்கு எடுக்குற அளவு கேப்ஸ் வெச்சிருக்குற கடையே அரிது. அதனால நாலோ அஞ்சோ எடுத்துக்கிட்டு கன் ரன்னர்ஸ் கடைக்குப் போங்க, விலை கூடின துப்பாக்கிக்கும் அதுல மாட்டுற கூடுதல் பாகங்களுக்கும் (மாட்) பதிலா கட்டியக் குடுத்துட்டு மீதிய புல்லட்டா வாங்கிக்கங்க. மத்ததை தங்கம் இருந்த அந்த வால்ட்லயே (பாதுகாப்பு அறை) விட்டுட்டு வரலாம்.