பழைய மொறிஸ் மைனருக்கு ஒரு மஞ்சள் மீற்றர்: வாங்கலாமா?

முகத்தில் டிடி 830 என்று அச்சிட்டு வரும் மஞ்சள் டிஜிட்டல் மல்ரிமீற்றரைப் பார்க்காதவர்கள் குறைவு. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் எலெக்ட்ரோனிக் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் போட்டு விற்கிறது, உள்ளே கிட்டத்தட்ட எல்லாம் ஒன்றுதான். ரேடியோ திருத்துகிற ஆட்களுக்கான சாமான் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் புதுப் பற்றரி வாங்க முதல் வாங்கவேண்டியது இது.

எங்களிடம் நிற்பது 1098 சீசீ மொறிஸ் மைனர். மாரி தொடங்கியதும் அடம்பிடிக்கத் தொடங்கியது. ஸ்டார்ட் கொடுத்தால் எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றும், பிறகு மூச்சு விட்டுவிடும். ரவுனில் ஒரு கராஜில் காட்டினோம், பெயர் வேண்டாம். பொனற்றைத் திறந்து சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, ஸ்டார்ட்டர் மோட்டர் போய்விட்டது, கழற்றி வைண்டிங் செய்யவேண்டும் என்றார்கள். அங்கேயே நின்ற இன்னொருவர் இல்லை, பற்றரிதான் என்றார். ஒருவரும் எதையும் அளக்கவில்லை. இத்தனைக்கும் காரின் முன்பக்கத்தில் ஹாண்டிலைப் போட்டுக் கையால் சுற்றினால் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது, அப்படியென்றால் நெருப்பும் பெற்றோலும் சரி, சுற்றுகிற பக்கத்தில்தான் கோளாறு என்று அதிலேயே தெரியவேண்டும்.

மீற்றரை 20 வோல்ட் டீசியில் வைத்துப் பற்றரியைப் பார்த்தால் 12.6, அதாவது நிறைந்த சார்ஜ். மச்சான் உள்ளேயிருந்து ஸ்டார்ட் கொடுக்க, பற்றரித் தலையில் 11.6க்குக் கீழே இறங்கவில்லை. செத்த பற்றரி என்றால் இந்த இடத்தில் 9க்கும் கீழே விழுந்திருக்கும். ஆனால் ஸ்டார்ட்டரில் தொட்டுப் பார்த்தால் 8 சொச்சம்தான், மிச்சம் மூன்று வோல்ட் எங்கே போகிறது? மைனருக்குப் பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் தலைதான் காரின் பொடியோடு இணைந்திருக்கும். அதனால் பற்றரியின் பொசிற்றிவ் தலையில் ஒரு முனையையும் எஞ்சின் புளொக்கில் மறுமுனையையும் வைத்து மறுபடி ஸ்டார்ட் கொடுக்கச் சொன்னேன். இந்த இடத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. வந்தது மூன்று.

எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் நிற்பதால், கியர்பொக்ஸையும் பொடியையும் இணைக்கிற பின்னல் கம்பி ஒன்று உண்டு, எர்த் கரண்ட் முழுக்க அதனூடாகத்தான் போகவேண்டும். காருக்குக் கீழே படுத்துப் பார்த்தால் போல்ட் இருந்த இடத்தில் பச்சைப் பூஞ்சணம் மாதிரிக் களிம்பு. சோக் கேபிளைத் தொட்டால் சூடு! வழி கிடைக்காத கரண்ட் அந்த மெல்லிய கேபிளால் போயிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் புகைந்திருக்கும். கம்பியைக் கழற்றி எமரித் தாளால் உரசி, போல்ட்டை இறுக்கினதோடு மீற்றர் 0.2 காட்டியது, ஸ்டார்ட்டரும் பழையபடி உதறிக்கொண்டு சுற்றியது.

சரி, குறைகள். முதலாவது, உள்ளே இருக்கும் 9 வோல்ட் பற்றரி இறங்கினால் இந்த மீற்றர் வோல்ட்டைக் கூட்டிக் காட்டும். செத்த கார் பற்றரியையும் நல்லது என்று சொல்லிவிடும், ஆகவே திரையில் பற்றரிக் குறி வந்தால் உடனே மாற்றுங்கள். கரண்ட் அளக்கிற 10 அம்பியர் துளைக்குப் பெரும்பாலும் பியூஸ் இல்லை, ஸ்டார்ட்டர் இழுப்பதோ நூறு அம்பியருக்கும் மேல், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். இக்னிஷன் கொயிலின் தடையை ஓம்ஸில் பார்க்கும்போது முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வருகிற எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். பலாஸ்ட் என்கிற தனித் தடை இல்லாத பழைய 12 வோல்ட் கொயிலுக்குச் சின்னத் தலைகள் இரண்டுக்கும் நடுவில் சுமார் 3 ஓம்ஸ் வரவேண்டும், இந்த மீற்றரின் வயரே அரை ஓம் தின்றுவிடும்.

பெரிய குறை வேறு. கம்பியில் ஒரேயொரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் இது 12 வோல்ட் என்று காட்டும், ஏனென்றால் மீற்றர் கரண்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். அந்த மாதிரி இணைப்பைப் பிடிக்க ஒரு பழைய இண்டிகேற்றர் பல்ப்பும் இரண்டு வயரும் போதும், சும்மா தொட்டுக்கொண்டிருக்கிற இணைப்பென்றால் பல்ப் மங்கும், அல்லது எரியவே எரியாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் திறந்து மூடுகிறதா என்று பார்க்கவும் பல்ப்தான் நல்லது, இந்தத் திரை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பொயின்ற்றோடு சேர்ந்திருக்கும் கொண்டென்சரை இந்த மீற்றரால் அளக்கவே முடியாது, நல்லதொன்றை மாட்டிப் பார்ப்பதுதான் வழி. பொயின்ற் இடைவெளிக்கு 0.015 அங்குலப் பீலர் கேஜ் வேண்டும். பெற்றோல் பக்கத்துக்கு மீற்றரும் தேவையில்லை, காது போதும். இக்னிஷன் போட்டதும் எஸ்யூ பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து நிற்கவேண்டும். நிற்காமல் அடித்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. அடிக்கவே இல்லையென்றால் பம்புக்குள் இருக்கும் பொயின்ற்றைப் பாருங்கள்.

சிவப்பும் கறுப்பும் மாறிப் பிடித்தால் பயப்படத் தேவையில்லை, எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வரும், அவ்வளவுதான். பொசிற்றிவ் எர்த் கார்க்காரருக்கு இது பெரிய ஆறுதல்.

வாங்கும்போது முதலைக் கிளிப் இரண்டும் சேர்த்துக் கேளுங்கள், பெட்டிக்குள் வராது. உள்ளே இருந்து ஸ்டார்ட் கொடுக்க எப்போதும் மச்சான் கிடைக்கமாட்டார்.