செல் பிரிதல் ஸ்லைடு பெட்டி: பதினோராம் வகுப்புக்கு வாங்கலாமா?

எங்கள் பள்ளி உயிரியல் ஆய்வகத்துக்காக இந்த மைட்டாசிஸ் ஸ்லைடு பெட்டியை வாங்கினேன். வெங்காய வேர்நுனி எல்லாப் பெட்டியிலும் இருக்கும். இதில் மீன் கருவின் ஸ்லைடும் இருப்பதுதான் விசேஷம். வெங்காய செல்லில் சென்ட்ரோசோம், அதாவது செல் பிரியும்போது இழைகள் கிளம்பும் மையம், கிடையாது. மீன் கருவில் இரு முனைகளிலிருந்தும் கதிர் இழைகள் விரிவது 400 மடங்கில் பளிச்சென்று தெரிகிறது.

இதைக் காட்டிய கையோடு புற்றுநோய்க்கு வந்துவிடலாம். சென்ட்ரோசோம் இரண்டுக்கு மேல் போனால் இழைகள் மூன்று நான்கு பக்கம் இழுக்கும். மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்காகும். இரண்டு விந்தணு நுழைந்த கடல் முள்ளெலி முட்டைகளில் இதைக் கவனித்த ஜெர்மன் உயிரியலாளர் தியோடர் பொவேரி, புற்றுக்கட்டியும் இப்படித் தொடங்கலாம் என்று 1914இலேயே எழுதினார். என்ன ஒரு பார்வை! புற்றுச் செல்கள் பல, கூடுதல் சென்ட்ரோசோம்களை இரண்டு கொத்தாகச் சேர்த்துப் பிழைத்துக்கொள்கின்றன. அப்போதும் சில இழைகள் தவறாக மாட்டி, ஓரிரு குரோமோசோம் தவறான பக்கம் போய்விடும்.

குறை என்றால், இப்படி மூன்று பக்கம் இழுபடும் மும்முனை செல் ஒன்றுகூடப் பெட்டியில் இல்லை. கரும்பலகையில் வரைந்துதான் காட்டுகிறேன். சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது. மீன் கரு ஸ்லைடுக்காகவே தாராளமாக வாங்கலாம்.