ரோமில் எந்தச் சீட்டு வாங்குவது? நான்கு கூட்டுச் சீட்டுகளும் ஒரு கொலோசிய நேரமும்

ரோமுக்கு மூன்று நாள் பயணம் என்று முடிவாகி, விமானச் சீட்டும் தங்குமிடமும் உறுதியானவுடன், நம் குடும்பங்களில் அடுத்து எழும் கேள்வி, "எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக வாங்கிவிடலாமா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடையாக நான்கு வகைச் சீட்டுகள் விற்பனையில் இருக்கின்றன. பழைய ரோமானியரின் பெரும் விளையாட்டரங்கமான கொலோசியத்தை நிர்வகிக்கும் அரசுத் தொல்லியல் பூங்கா நேரடியாக விற்கும் கூட்டுச் சீட்டு, அருங்காட்சியகங்களையும் நகரப் போக்குவரத்தையும் இணைக்கும் ரோமா பாஸ், அதனுடன் வத்திக்கானையும் சேர்த்துக் கட்டிய ஓம்னியா அட்டை, வழிகாட்டியோடு தனியார் விற்கும் தொகுப்புகள் ஆகியவையே அவை. இவற்றைப் பெரும்பாலோர் விலையை வைத்து ஒப்பிடுகிறார்கள். ரோமில் உண்மையில் கிடைப்பதற்கு அரிதாக இருப்பது கொலோசியத்துக்குள் நுழைவதற்கான நேரம் என்பதால், அந்த நேரத்தை எந்தச் சீட்டு கையில் தருகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகே விலைக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதை நான் கொலோசியத்தின் வாசலில் கண்கூடாகப் பார்த்தேன். எனக்கு முன்னால் திருச்சியிலிருந்து வந்திருந்த வயதான தம்பதி நின்றிருந்தார்கள். ஒரு பயண முகவரிடம் வாங்கிய நகர அட்டை இருவர் கழுத்திலும் பட்டையில் தொங்கியது. வாசலில் நின்ற ஊழியர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முன்பதிவு செய்த நேரம் எங்கே என்று கேட்டார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "தம்பி, காசு கொடுத்துத்தானே இந்தக் கார்டை வாங்கினோம், அப்புறம் ஏன் உள்ளே விடமாட்டேங்கிறார்?" என்றார். "அம்மா, கார்டு இருந்தாலும் கொலோசியத்துக்கு மட்டும் தனியாக நேரம் பதிய வேண்டுமாம்" என்று சொல்லி, அங்கேயே கைப்பேசியில் தேடிப் பார்த்தோம். இரண்டு நாள் கழித்துத்தான் அடுத்த இடம் காலியாக இருந்தது. அவர்களோ மறுநாள் காலையில் புளோரன்ஸுக்குக் கிளம்புகிறவர்கள். அந்தப் பெரியவர் வெளிச்சுவரின் வளைவுகளை அண்ணாந்து பார்த்தபடி சிறிது நேரம் நின்றுவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். அட்டையை விற்றவர் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த ஏமாற்றம் நேர்ந்திருக்காது. திருமலையில் தங்கும் அறை கிடைத்துவிட்டால் தரிசன நேரமும் கிடைத்துவிட்டதாக நாம் நினைப்பதில்லை. அந்த எச்சரிக்கை இங்கேயும் வேண்டும்.

இனி முதல் வகைக்கு வருவோம். தொல்லியல் பூங்காவின் அடிப்படைச் சீட்டு 18 யூரோ. கொலோசியம், பழைய நகரின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரம், பேரரசர்களின் மாளிகைகள் இருந்த பாலட்டைன் குன்று ஆகிய மூன்றுக்கும் இது 24 மணி நேரம் செல்லும். கொலோசியத்துக்கு மட்டும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். ஃபோரமும் பாலட்டைனும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை என்பதால் அவை இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு நுழைவுதான், வெளியே வந்துவிட்டால் மீண்டும் உள்ளே போக முடியாது. 24 மணி நேரம் என்பதைப் பலர் கவனிக்காமல் மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துக் களைத்துப்போகிறார்கள். கொலோசியத்துக்குப் பிற்பகல் நேரத்தைப் பதிந்துகொண்டு, மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஃபோரத்துக்குப் போவதே சிறந்தது. கோடையில் அந்தக் கல் பாவிய பாதையில் நிழல் அரிது. முதியவர்களையும் குழந்தைகளையும் நடுப்பகலில் அங்கே அழைத்துச் செல்லக் கூடாது.

இதே பூங்கா 24 யூரோவுக்கு இன்னொரு சீட்டும் விற்கிறது. அது இரண்டு நாள் செல்லும். கொலோசியத்தின் மணல் மேடை அல்லது அதற்குக் கீழுள்ள சுரங்க அறைகள், பாலட்டைனில் முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் வீடு போன்ற தனிப் பகுதிகள் ஆகியவை அதில் அடங்கும். 6 யூரோ கூடுதலுக்கு ஒரு நாள் அதிகமாகவும், விலங்குகளையும் வீரர்களையும் மேலே தூக்கி அனுப்பிய சுரங்கங்களைக் காணும் வாய்ப்பும் கிடைக்கிறது என்பதால், நான்கு வகைகளிலும் கொடுத்த காசுக்கு அதிகம் தருவது இதுதான் என்பேன். கிடைப்பதுதான் கடினம். பயண நாளுக்கு 30 நாள் முன்பு விற்பனை திறக்கும். சுரங்கப் பகுதிக்கான இடங்கள் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும்.

அவ்வளவு வேகமாகத் தீர்வதற்குச் சுற்றுலாப் பயணிகளின் கூட்டம் மட்டுமே காரணமாக இருக்கவில்லை. கொலோசியச் சீட்டுகள் தானியங்கி நிரல்களைக் கொண்டும் பிற வழிகளிலும் மொத்தமாக வாங்கப்பட்டு, வழிகாட்டிச் சேவை, ஆடியோ கருவி என்று சிலவற்றைச் சேர்த்து அதிக விலைக்கு விற்கப்பட்ட விவகாரத்தில், 2025 ஏப்ரலில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம், முன்பு சீட்டு விற்பனையை நடத்திய அமைப்புக்கும் ஆறு சுற்றுலா நிறுவனங்களுக்கும் மொத்தம் ஏறத்தாழ 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதற்கு முன்பே, 2023 அக்டோபர் முதல், சீட்டில் பார்வையாளரின் பெயர் இருக்க வேண்டும் என்றும், வாசலில் அடையாள ஆவணத்தோடு அது ஒத்துப்போக வேண்டும் என்றும் விதி வந்தது. இந்த விதி நமக்குத் தனிச் சிக்கலை உண்டாக்கும். நம்மில் பலருக்கு வழக்கத்தில் உள்ள பெயர் தலைப்பெழுத்தோடும், கடவுச்சீட்டில் உள்ள பெயர் அந்த எழுத்து விரிந்து தந்தையின் பெயராகவும் இருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயர் என்ற இடமே காலியாக இருக்கும். முன்பதிவின்போது வழக்கப் பெயரை உள்ளிடாமல், கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் அச்சாகியிருப்பதை எழுத்துக்கு எழுத்து உள்ளிடுங்கள். குடும்பத்தில் ஒருவர் வரவில்லை என்றால் அந்தச் சீட்டில் மைத்துனரை அழைத்துப் போகலாம் என்ற கணக்கும் இங்கே செல்லாது.

இரண்டாவது வகையான ரோமா பாஸ் நேர்மையான சீட்டுதான். ஆனால் அது யாருக்குப் பயன்படும் என்பதை எண்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 2025 நிலவரப்படி 48 மணி நேர அட்டை 36.50 யூரோ, 72 மணி நேர அட்டை 58.50 யூரோ. முதலாவதில் ஓர் இடமும் இரண்டாவதில் இரண்டு இடங்களும் இலவசம். அதற்குப் பிறகு செல்லும் இடங்களுக்குக் கட்டணச் சலுகை. நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ ஆகியவற்றில் அந்த நேரம் முழுவதும் ஏறி இறங்கலாம். ஃபியுமிசினோ விமான நிலையத்துக்குச் செல்லும் 14 யூரோ விரைவு ரயில் இதில் சேராது.

72 மணி நேர அட்டையை எடுத்துக்கொள்வோம். இலவசமான இரண்டு இடங்களாகக் கொலோசியத்தையும், கபிடோலின் அருங்காட்சியகம் அல்லது சாந்தாஞ்சலோ கோட்டையையும் தேர்ந்தெடுத்தால், தனித்தனியே வாங்கும்போது முன்னதற்கு 18 யூரோவும் பின்னதற்கு ஏறத்தாழ 15 யூரோவுமாக 33 யூரோ ஆகும். மீதமுள்ள 25.50 யூரோவைப் போக்குவரத்து ஈடுகட்ட வேண்டும். ஒற்றைப் பயணச் சீட்டு 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும் என்பதால், கணக்கு நேராவதற்கே மூன்று நாளில் 17 முறை ஏற வேண்டும். 48 மணி நேர அட்டைக்கு இரண்டு நாளில் 13 முறை. ரோமின் நடுப்பகுதியில் தங்குகிறவர் இத்தனை முறை வண்டி ஏறுவது அரிது. கொலோசியத்திலிருந்து வெனிஸ் சதுக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அங்கிருந்து பழைய ரோமானியக் கோவிலான பாந்தியன் அதற்கும் குறைவு. வழியெல்லாம் இடிந்த மன்றங்களும் தூண்களும் இருக்க, அந்தத் தொலைவைப் பேருந்தில் கடப்பது இழப்பு என்றே சொல்வேன். வாடகை குறைவு என்பதால் மெட்ரோவின் கடைசி நிலையங்களுக்கு அருகே தங்குகிறவர்கள், மாலையில் ஓய்வெடுக்க அறைக்குத் திரும்பி மீண்டும் கிளம்பும் பழக்கமுள்ளவர்கள், மூன்று நான்கு அருங்காட்சியகங்களைப் பார்த்தே தீருவது என்று வருகிறவர்கள் ஆகியோருக்கு இந்த அட்டை லாபம். அவர்களும் கொலோசியத்துக்கும் போர்கேஸே கலைக்கூடத்துக்கும் தனியாக நேரம் பதிய வேண்டும் என்பதில் மாற்றமில்லை. போர்கேஸேயில் ஒருவருக்கு இரண்டு மணி நேரம்தான். பதியாமல் போனால் அட்டை இருந்தும் பயனில்லை.

குழந்தைகள் விஷயத்தில்தான் நம் குடும்பங்கள் அதிகம் இழக்கின்றன. இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் இடங்களிலும் 18 வயது நிறையாதவர்களுக்கு, அவர்கள் எந்த நாட்டவரானாலும், நுழைவு இலவசம். கொலோசியம் இதில் அடங்கும்; அவர்களுக்கும் பெயரோடு கட்டணமில்லாச் சீட்டைப் பெரியவர்களின் சீட்டோடு சேர்த்துப் பதிந்துவிட்டால் போதும். நகரப் போக்குவரத்தில் 10 வயது வரை பெரியவர்களோடு வரும் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. ஒன்பது வயதுக் குழந்தைக்கு இலவசமாகக் கிடைக்கும் நுழைவு, பயணம் இரண்டையும் சேர்த்து 58.50 யூரோவுக்கு யாரேனும் விற்றால், அதை வாங்க ஒரு காரணமும் இல்லை. கபிடோலின் அருங்காட்சியகம் நகராட்சியைச் சேர்ந்தது. அங்கே மட்டும் இலவசம் 6 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வத்திக்கான் தனி நாடு. ரோமா பாஸில் வத்திக்கான் அருங்காட்சியகமும் அதனுள் இருக்கும் சிஸ்டைன் சிற்றாலயமும் சேராமல் போவதற்கு அதுவே காரணம். இந்த ஓர் இடைவெளியை நிரப்பத்தான் ஓம்னியா அட்டையும் தனியார் தொகுப்புகளும் வந்தன. ஓம்னியாவில் ரோமா பாஸ், வத்திக்கான் அருங்காட்சியக நுழைவு, சுற்றிக்காட்டும் பேருந்து ஆகியவை அடங்கும். விலை ஒருவருக்கு 100 யூரோவைத் தாண்டும். இதன் எதிரே நேரடி விலையை வைத்துப் பாருங்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பெரியவர்களுக்கு 20 யூரோவும், 7 முதல் 18 வயது வரை 8 யூரோவும், இணைய முன்பதிவுக்குத் தலைக்கு 5 யூரோவும் ஆகும். தாய், தந்தை, 14 வயதிலும் 9 வயதிலும் இரு பிள்ளைகள் என்ற குடும்பத்துக்கு வத்திக்கானுக்கு 76 யூரோ, கொலோசியக் கூட்டுச் சீட்டுக்கு 36 யூரோ, ஆக 112 யூரோவில் ரோமின் இரு பெரும் இடங்களையும் நால்வரும் பார்த்துவிடலாம். ஓம்னியா என்றால் ஒருவருக்கே 100 யூரோவுக்கு மேல் ஆகிவிடும்.

தொகுப்புகளின் பட்டியலில் புனித பேதுரு பெருங்கோவிலும் ஒரு வரியாக இடம்பெற்றிருக்கும். அந்தக் கோவிலுக்குள் செல்லக் கட்டணமே கிடையாது. பாதுகாப்புச் சோதனைக்கான வரிசையில் நின்றால் போதும், தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். குவிமாடத்தின் மேல் ஏறுவதற்குத்தான் கட்டணம். குமரி மாவட்டத்து மறைசாட்சி தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட சதுக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றே நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் உண்டு. அவர்கள் அதற்காக எந்த அட்டையும் வாங்க வேண்டியதில்லை.

தனியார் தொகுப்புகளை நான் முற்றாக ஒதுக்கவில்லை. அதிகாரப்பூர்வத் தளத்தில் நேரம் தீர்ந்துவிட்ட நிலையிலும், ஃபோரத்தில் கிடக்கும் கற்குவியலில் எது செனட் அவை, எது கோவில் என்று சொல்ல ஒருவர் தேவைப்படும் நிலையிலும், நல்ல வழிகாட்டியோடு வரும் சுற்றுக்குக் கூடுதலாகக் கொடுப்பது தகும். காலையில் கொலோசியமும் பிற்பகலில் வத்திக்கானும் என்று ஒரே நாளில் இரண்டையும் அடைக்கும் தொகுப்பை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். சிஸ்டைன் சிற்றாலயத்தை அடையும்போது மேற்கூரை ஓவியங்களை நிமிர்ந்து பார்க்கக் கழுத்தில் வலு இருக்காது. இலவச நாள்களும் அப்படித்தான். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு இடங்களும், கடைசி ஞாயிறு காலை வத்திக்கான் அருங்காட்சியகமும் இலவசம் என்றாலும், முன்பதிவு இல்லாத அந்த நாள்களில் பாதிப் பகல் வரிசையிலேயே கழிந்துவிடும்.

யாரும் விளம்பரப்படுத்தாத ஐந்தாவது கூட்டுச் சீட்டு ஒன்றும் இருக்கிறது. தெர்மினி ரயில் நிலையத்துக்கு அருகிலேயே உள்ள பலாட்சோ மாசிமோ, டயோக்ளிஷியன் குளியல் மாளிகை, நவோனா சதுக்கத்தின் பக்கம் உள்ள பலாட்சோ ஆல்டெம்ப்ஸ் ஆகியவற்றை ஒரே நிர்வாகத்தில் வைத்திருக்கும் ரோமானியத் தேசிய அருங்காட்சியகம் அதை விற்கிறது. நான் வாங்கியபோது 12 யூரோ. ஒரு வாரம் செல்லும். எந்த நேரமும் பதிய வேண்டியிருக்கவில்லை. 1885-இல் குவிரினல் குன்றில் தோண்டியெடுக்கப்பட்ட குத்துச்சண்டை வீரரின் வெண்கலச் சிலை மாசிமோவில் இருக்கிறது. சண்டை முடிந்து உட்கார்ந்திருக்கும் அவர் யாரோ அழைத்ததுபோல் தலையை வலப்புறம் திருப்பியிருக்கிறார். மூக்கு உடைந்திருக்கிறது, காது வீங்கியிருக்கிறது, தொடையிலும் கையிலும் சொட்டிய இரத்தத்தைச் சிவந்த செம்பைப் பதித்துக் காட்டியிருக்கிறான் சிற்பி. நான் அந்தச் சிலைக்கு எதிரே நின்ற கால் மணி நேரத்தில் அறைக்குள் வந்தவர்கள் இருவர்.