மூன்று வாட்ஸ் போதுமா? ஓர் இஎல்84 வால்வு ஆம்ப்ளிஃபயருடன் எட்டு மாதங்கள்

கடந்த கார்த்திகையில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர், அதாவது டிரான்ஸிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கருவி, வாங்கினேன். ஒரு பக்கத்துக்கு மூன்று வாட்ஸ்தான் அதன் திறன். பார்க்க வந்த என் மைத்துனர், “மூணு வாட்ஸா? எங்க வீட்டு நைட் லாம்ப்பே அஞ்சு வாட்ஸ் மாப்பிள்ளை” என்றார். அவர் கேட்டது கேலியாக இருந்தாலும் கேள்வி நியாயமானது. கடைகளில் நூறு, இருநூறு வாட்ஸ் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்கும்போது, மூன்று வாட்ஸுக்கு 42,000 ரூபாய் கொடுப்பவன் காரணம் சொல்லத்தான் வேண்டும்.

இது கம்பெனிப் பொருள் அன்று. டிரான்ஸ்ஃபார்மரைத் தாமே சுற்றி, ஆர்டரின்பேரில் மட்டும் செய்து தரும் ஒருவர் கட்டியது. மாடல் பெயர் என்று எதுவும் இல்லை. ஆகவே, இதே வகையில் வேறு எதையேனும் வாங்க நினைப்பவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஸ்பீக்கரை ஓட்டப் பக்கத்துக்கு ஒரு இஎல்84, அதற்கு முன் ஒலியைப் பெருக்கித் தர இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு இசிசி83, மின்சாரத்தைத் திருத்தித் தர ஒரு இஇசட்81: மொத்தம் நான்கே வால்வுகள். 1950களில் இங்கிலாந்தின் மல்லார்டு நிறுவனம் ‘மூன்று வால்வு, மூன்று வாட்ஸ்’ என்று ஒரு சர்க்யூட்டை வெளியிட்டது. அதில் முன்வரிசையில் இஎஃப்86 இருக்கும். என்னுடையதில் அந்த இடத்தில் இசிசி83 இருக்கிறது. மற்றபடி அந்தப் பரம்பரைதான். இஎல்84 நமக்கு அந்நியமானதும் அன்று. பெங்களூரு பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) நிறுவனமே இதை ஒரு காலத்தில் தயாரித்தது. நம் வீடுகளில் பாடிய பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரை ஓட்டியது இதுவே.

மூன்று வாட்ஸ் போதுமா என்பதற்கு விடை ஆம்ப்ளிஃபயரில் இல்லை, ஸ்பீக்கரில் இருக்கிறது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் ஒலி வரும் என்பதை ஸ்பீக்கரின் விவரத்தாளில் போட்டிருப்பார்கள். என்னிடம் முன்பே இருந்த சிறிய அலமாரி ஸ்பீக்கர்கள் 85 டெசிபல். பிறகு தேடிப் பிடித்த, பெரிய மரப்பெட்டியில் பன்னிரண்டு அங்குலக் கூம்பு வைத்த பழைய ஜோடி 95 டெசிபல். இந்தப் பத்து டெசிபல் வித்தியாசம் பத்து மடங்கு வாட்ஸுக்குச் சமம்; அதாவது 95 டெசிபல் ஸ்பீக்கரை மூன்று வாட்ஸில் கேட்பதும் 85 டெசிபல் ஸ்பீக்கரை முப்பது வாட்ஸில் கேட்பதும் சத்த அளவில் ஒன்றே. முதல் இரண்டு வாரங்கள் நான் அலமாரி ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தனிக்குரலும் தம்புராவும் மட்டும் இருந்தவரை எல்லாம் சரியாக இருந்தது. மிருதங்கத் தனி தொடங்கியதும் ஒவ்வொரு அடியும் துணியில் சுற்றிய கட்டையால் தட்டியதுபோல் மழுங்கியது. ஸ்பீக்கரை மாற்றிய அன்றே அந்தக் குறை போயிற்று.

ஸ்பீக்கரில் பார்க்க வேண்டிய இன்னொன்று அதன் ஓம்ஸ் அளவு, அதாவது மின்சாரத்துக்கு அது காட்டும் தடை. எட்டு ஓம்ஸ் என்று போட்டிருந்தாலும் சில ஸ்பீக்கர்கள் ஏதாவது ஒரு சுருதியில் மூன்று ஓம்ஸ் வரை இறங்கிவிடும். டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்கிக்கொள்ளும். ஸ்பீக்கரை ஓட்டப் பக்கத்துக்கு ஒரே வால்வு உள்ள இந்த ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கரின் கூம்பைக் கட்டிப்பிடித்து நிறுத்தும் வலு குறைவு என்பதால், அங்கே ஒலி ஏறி இறங்கும். கீழ்ச்சுரங்கள் தொளதொளவென்று ஆகும்.

இனி, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர். இந்த வகையில் விலை போவதும் தரம் தெரிவதும் அங்கேதான்; வால்வுக்காகக் காசு கொடுப்பதாக நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். ஒற்றை வால்வு அமைப்பில் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்றில் எப்போதும் நேர்மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் இரும்பு காந்தத்தால் தெவிட்டிவிடாதபடி தகடுகளுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும்; இடைவெளி விட்டால் கீழ்ச்சுரம் குறையும்; அதை ஈடுகட்ட இரும்பைப் பெரிதாக்க வேண்டும். ஆகவே, கடையில் கேட்டுப் பார்க்க வாய்ப்பில்லாதவர்கள் எடையையாவது விசாரிக்கலாம். என்னுடையது பதினோரு கிலோ. நாலரை கிலோவில், கண்ணாடி மூடியும் நீல விளக்குமாக வரும் சிலவற்றை நான் கேட்டிருக்கிறேன்; குரல் அழகாக இருக்கும், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் மட்டும் வந்து சேராது.

கேட்டதைச் சொல்கிறேன். வால்வு ஒலியைப் பற்றி எழுதுகிறவர்கள் தேன், வெண்ணெய் என்று சமையலறைப் பக்கம் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாடகர் எம். டி. ராமநாதனின் கீழ்ஸ்தாயியில், ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தும்போது குரலுக்குள் இருக்கும் கரகரப்பு ஒரு கறையாக இல்லாமல் தொண்டையின் அசைவாகவே கேட்கிறது. வீணையில் தந்தியை மீட்டிய பிறகு இழுக்கும் கமகம், ஒலி தேய்ந்துகொண்டே போகும்போதும் கடைசிவரை பின்தொடர முடிகிறது. சின்ன ஒலிகளைச் சின்னதாகவே, ஆனால் முழுதாகத் தருவதுதான் இதன் பலம் என்று சொல்வேன். இதற்கு இரண்டாம் ஹார்மானிக் கலப்பு, அதாவது மூல ஒலியின் இரட்டை அதிர்வெண்ணில் வால்வு தானாகச் சேர்க்கும் ஒலி, ஒரு காரணமாக இருக்கலாம். அது ஒரு வகையில் கலப்படமே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தவில் விஷயத்தில் இது தோற்கிறது. நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை காலத்து 78 சுழற்சித் தட்டுகளின் பதிவில் பிரச்சினை இல்லை, அந்தத் தட்டுகளே அவ்வளவு வீச்சைத் தாங்கியவை அல்ல. அண்மைக் கால நாகஸ்வரக் கச்சேரிப் பதிவில், வால்யூம் குமிழ் பாதியைத் தாண்டியதும், தவிலின் வலந்தலை அடி கூர்மை இழந்து தட்டையாகிறது. காதைக் குத்துவதில்லை என்பது உண்மை. வால்வு திணறும்போதும் மரியாதையாகத்தான் திணறும். ஆனால் கோயில் வாசலில் நிற்கும் உணர்வு வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது. பின்பக்கம், இஎல்84-ஐ இணைக்கும் விதத்தை மாற்ற, டிரையோடு, அல்ட்ராலீனியர் என்று ஒரு சுவிட்ச் உண்டு. டிரையோடில் திறன் ஏறத்தாழ இரண்டு வாட்ஸாகக் குறைகிறது. இரவில் தனிக்குரலுக்கு மட்டும் அதைப் போடுகிறேன்.

அப்படியானால் எட்டு வாட்ஸ் தரும் 300பி வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமே என்று கேட்பார்கள். மூன்றுக்கும் எட்டுக்கும் இடையே காதுக்குக் கிடைப்பது நான்கு டெசிபல்தான். ஒரு ஜோடி 300பி வால்வின் விலைக்கு எத்தனையோ ஜோடி இஎல்84 வாங்கலாம். மூன்றரை வாட்ஸ் தரும் 2ஏ3 வால்வை ஒரு நண்பர் வீட்டில் கேட்டேன். இதைவிடத் தெளிவானது, சந்தேகமில்லை, ஆனால் அவர் செலவழித்த தொகையை இங்கே எழுதினால் அவர் வீட்டில் தெரிந்துவிடும். ஸ்பீக்கர் 90 டெசிபலுக்குக் கீழே இருந்து, அதை மாற்றும் எண்ணமும் இல்லை என்றால், பக்கத்துக்கு இரண்டு இஎல்84 வைத்துப் பத்து வாட்ஸ் தரும் புஷ்-புல் (இரண்டு வால்வுகளும் எதிரெதிராகச் சேர்ந்து ஓட்டும்) ஆம்ப்ளிஃபயரே சரியான தேர்வு.

குறைகள் இல்லாமல் இல்லை. வந்த புதிதில் இடது ஸ்பீக்கரில் மட்டும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல், ஆறடி தள்ளி உட்கார்ந்தாலும் கேட்டது. எர்த் வயர், ரெக்கார்டு பிளேயர் என்று நான் எதையெதையோ சந்தேகப்பட்டேன். திருப்பி அனுப்பியதும், கட்டியவர் இடது டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, மின்சார டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்காகத் தொண்ணூறு பாகை திருப்பி மாட்டிக் கொடுத்தார். இரைச்சல் நின்றது. போக வர கூரியர் செலவு என் தலையில் விழுந்தது. இதை அனுப்புவதற்கு முன்பே அவர் கவனித்திருக்க வேண்டும்.

மின்செலவு பலரும் பயப்படும் அளவுக்கு இல்லை. மூன்று வாட்ஸ் பாட்டுக்குச் சுவரிலிருந்து 55 வாட்ஸ் இழுக்கிறது, பாட்டை நிறுத்தினாலும் அதே 55 வாட்ஸ்தான். தினம் நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 13 யூனிட். சூடுதான் தொல்லை. சித்திரை, வைகாசியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் பகலில் இதைப் போட மனம் வரவில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் வால்வுகளுக்குக் கம்பிக்கூண்டு கட்டாயம். ஸ்பீக்கர் வயரை மாட்டாமல் ஓடவிடக் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட் அளவுக்குத் தங்கியிருக்கலாம் என்பதால் அடித்தட்டைத் திறக்கும் ஆசையும் வேண்டாம்.

இரவில்தான் கேட்கிறேன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் பத்து மணிக்கு மேல் மின்னழுத்தம் 245 வோல்ட்டுக்கு ஏறிவிடும். இதற்கு முன் இணையத்தில் வாங்கிய வேறொரு சிறு ஆம்ப்ளிஃபயர் 220 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருடன் வந்தது, வால்வுக்குள் சூடேற்றும் கம்பியான ஹீட்டரில், 6.3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 7 வோல்ட் ஓடி, ஓராண்டுக்குள் இரண்டு வால்வுகள் உயிரை விட்டன. விற்றவர் அதைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார். ஆகவே இம்முறை ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டு, 230, 240, 250 என்று மூன்று இணைப்புகள் வைக்கச் சொன்னேன். 240-ல் மாட்டியிருக்கிறேன், நேற்று இரவு அளந்தபோது ஹீட்டரில் 6.4 வோல்ட் இருந்தது. கூரியருக்குக் கறாராகக் காசு வாங்கிய அதே மனிதர், இந்த இணைப்புகளுக்கு எதுவும் வாங்கவில்லை.