போலோஞ்ஞாவா, நேப்பிள்ஸா: இரண்டு ராகு, ஓர் அடுப்பு

நம் ராகு காலம் ஒன்றரை மணி நேரத்தில் கழிந்துவிடும். இத்தாலிய ராகு அடுப்பேறினால் குறைந்தது இரண்டு மணி நேரம். நேப்பிள்ஸ் பக்கம் போனால் ஆறு மணி நேரம்கூட ஆகும். பாஸ்தாவோடு சேர்க்கும் இறைச்சிச் சாஸுக்குத்தான் அங்கே அந்தப் பெயர். வடக்கே போலோஞ்ஞா, தெற்கே நேப்பிள்ஸ் என இரண்டு ஊரும் ஒரே பெயரில் இரண்டு வேறு பண்டங்களைச் செய்கின்றன. இரண்டையும் வீட்டில் பலமுறை செய்து, இரண்டிலும் சொதப்பியவன் நான்.

நம் பாஷையில் சொன்னால் போலோஞ்ஞாவினுடையது சுக்கா, நேப்பிள்ஸினுடையது குழம்பு. முன்னதில் இறைச்சிக்குத் துணையாகத் தக்காளி வருகிறது. பின்னதில் தக்காளிக்குச் சாரம் ஏற்றத்தான் இறைச்சியே. இது பிடிபட்டால் எது உங்கள் வீட்டுக்கு ஒத்துவரும் என்பது பாதி தெரிந்துவிடும்.

போலோஞ்ஞாக்காரர்கள் கணக்கில் கறார். இத்தாலியச் சமையல் அகாதமி 1982-ல் அந்த ஊர் வர்த்தக சபையில் செய்முறையைப் பதிவே செய்து வைத்தது. 2023-ல் திருத்தினார்கள். திருத்திய கணக்குப்படி கொரகொரப்பாக அரைத்த மாட்டிறைச்சி 400 கிராம், பான்செட்டா எனப்படும் பன்றி வயிற்றுக்கறி 150 கிராம், தக்காளிக் கூழ் வெறும் 200 கிராம். பூண்டு கூடாது, ரோஸ்மேரி கூடாது. பூண்டில்லாமல் கறியா என்று எனக்கும் சிரிப்பு வந்தது. போடாமல் செய்து பார்த்தபோதுதான், பன்றிக் கொழுப்பில் வதங்கிய வெங்காயம், கேரட், செலரி மூன்றின் இனிப்பும் தனியாக நாக்கில் தட்டுப்பட்டது. கடைசியில் கொஞ்சம் பால் ஊற்றும் வழக்கமும் உண்டு. தக்காளியின் புளிப்பை அது அடக்குகிறது. புதிய செய்முறையில் பால் அவரவர் விருப்பம், நான் ஊற்றுகிறேன்.

என் முதல் சொதப்பல் கைமாவில். அரைக் கிலோவையும் ஒரே தடவையில் சின்னச் சட்டியில் கொட்டினேன். தண்ணீர் விட்டுக்கொண்டு, வறுபடாமல் வெந்து, சாம்பல் நிறத்தில் நின்றது. பிறகு இரண்டு மணி நேரம் சிம்மில் வைத்தும் அந்த வறுத்த வாசனை வரவே இல்லை. இப்போது அகலமான சட்டியில் இரண்டு பங்காகப் போடுகிறேன். முதலில் சளசளவென்று கேட்கும். நீர் வற்றியதும் ஓசை மாறிப் படபடவென்று பொரியத் தொடங்கும். ஒயின் ஊற்ற வேண்டியது அந்த நேரத்தில்தான்.

நேப்பிள்ஸில் கறியை அரைப்பதில்லை. பன்றி விலாவெலும்பு, மாட்டுத் தொடைக்கறி, அப்புறம் பிராச்சோலே. தட்டையாகத் தட்டிய இறைச்சிக்குள் பூண்டு, பார்ஸ்லி, பெக்கோரினோ சீஸ், உலர்திராட்சை, பைன் கொட்டை வைத்துச் சுருட்டி நூலால் கட்டுவதுதான் பிராச்சோலே. வெங்காயத்தோடு இவற்றைச் சிவக்க வைத்து, சிவப்பு ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தக்காளி விழுதைக் கருஞ்சிவப்பாகும்வரை வதக்கி, கூழை ஊற்றுகிறார்கள். நான் ஒரு கிலோ கறிக்கு ஒன்றரைக் கிலோ கூழ் போடுகிறேன். அப்புறம் மூடியை முழுக்க மூடாமல், சட்டி விளிம்பில் மரக்கரண்டியைக் குறுக்கே வைத்து அதன் மேல் சாய்த்துவிட வேண்டும். சாஸ் தளதளவென்று கொதிக்கக் கூடாது. அடியிலிருந்து ஒரு குமிழி எழுந்து, சோம்பலாக ‘பிப்’ என்று உடைந்து, சற்றுப் பொறுத்து அடுத்தது வர வேண்டும். இந்த ஓசையை வைத்தே நேப்பிள்ஸ்காரர்கள் இதைப் ‘பிப்பியாரே’ என்கிறார்கள். எண்ணெய் செங்கல் நிறத்தில் மேலே பிரிந்து நிற்கும். விலாவெலும்பு முந்தி வெந்துவிடும், அதை எடுத்துத் தனியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பும் நாரும்தான் மிஞ்சும்.

நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று இதைக் குக்கரில் வைத்ததும் நான்தான். கறி பஞ்சாக வெந்தது. ஆனால் உள்ளே நீர் வற்ற வழி ஏது? தக்காளி ரசத்தில் எலும்பு மிதந்தது. பிறகு திறந்த சட்டியில் ஒரு மணி நேரம் சுண்ட வைத்தும் கறி உதிர்ந்ததுதான் மிச்சம்.

பாஸ்தா விஷயத்தில் போலோஞ்ஞாவுக்கே என் ஓட்டு. ‘ஸ்பகெட்டி போலோனீஸ்’ என்று உலகம் முழுக்க விற்பதை அந்த ஊர் தன்னுடையதாக ஒப்புக்கொள்வதில்லை. காரணம் தட்டிலேயே தெரியும்: வழுவழு நூலிலிருந்து கைமா நழுவி அடியில் தங்கிவிடும். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்று பிசைந்து, கட்டையால் தேய்த்து நாடா நாடாக வெட்டிய தாலியாத்தெல்லே பாஸ்தா சொரசொரப்பானது, கறியைப் பிடித்துக்கொள்ளும். வெந்தபின் அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972-ல் அதையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஊரிலுள்ள அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-ல் ஒரு பங்காம்! நேப்பிள்ஸில் ஜீத்தி என்ற நீளக் குழாய்களைக் கையால் ஒடித்துப் போடுவார்கள். உதிரும் சில்லுகளும் சாஸோடு சேரும். வேலை சுலபம், ஆனால் ஜீத்தி கிடைத்தால்தானே! நான் ரிகத்தோனி என்ற குட்டைக் குழாய்ப் பாஸ்தாவை வைத்துச் சமாளிக்கிறேன்.

இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு, வார நாளுக்கு, ஃப்ரீசரில் டப்பா டப்பாவாகப் போட்டுவைக்க போலோஞ்ஞாதான். ஆட்டுக் கைமாவில் செய்தாலும் தப்பில்லை, அந்தப் பெயரைச் சொல்லாமல் இருந்தால் போதும். விருந்தென்றால் யோசிக்கவே வேண்டாம், நேப்பிள்ஸ். சாஸ் பாஸ்தாவுக்குப் போகும், கறித்துண்டுகள் அடுத்த பந்திக்குத் தனித் தட்டில் வரும். ஒரே சட்டியில் இரண்டு பரிமாறல். ஒரே தொல்லை, அது பிப் பிப் என்று சத்தமிடும்போது வீட்டில் ஆளாளுக்கு ரொட்டித் துண்டோடு வந்து தோய்த்துப் பார்ப்பார்கள். மதியத்துக்குள் கால்வாசி காலி. அதனால் கூழ் ஒரு பாட்டில் கூடுதலாகவே வாங்கி வைக்கிறேன்.